ஓ பாசிட்டிவ் தேங்காய்

“இன்று முதல் இந்த வீட்டில் முடிவெடுப்பவன் நானே!”

இதைக் கண்ணாடி முன்னால் நின்று ஏழு தடவை சொல்ல வேண்டும் என்பது கதிர்வேலுக்கு இடப்பட்டிருந்த கட்டளை. ஆறு தடவை நன்றாகத்தான் போயிற்று. ஏழாவது தடவை வாயைத் திறந்தபோது கண்ணாடிக்குள் மனைவி ரஞ்சனியும் தெரிந்தாள். கையில் சீப்பு.

“சொல்லி முடிச்சுட்டீங்கன்னா கொஞ்சம் நகந்துக்குங்க. தலை சீவோணும். முட்டை வண்டி வந்துரும்.”

“இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குது.”

“அதை நகந்து நின்னு சொல்லக்கூடாதுங்களா?”

முடிவெடுப்பவர் நகர்ந்து நின்றார். ஏழாவதை அலமாரியைப் பார்த்துச் சொல்லி முடித்தார்.

கதிர்வேல் பதினெட்டு வருஷம் போர் வண்டியில் வேலை பார்த்தவர். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியில் டிரில்லர். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று பாதி இந்தியாவை ஓட்டை போட்டிருக்கிறார். வருஷத்தில் பத்து மாதம் வண்டியோடு வெளியூர். மழைக்கு இரண்டு மாதம் புதுச்சத்திரத்தில் வீடு. இந்த வைகாசியில் இடுப்பு எலும்பு மக்கர் பண்ணியது. துளைக்குள் இறக்கும் இரும்பு ராடு பக்கமே போகக்கூடாது, ஆறு மாதம் சும்மா இருங்கள் என்று நாமக்கல் டாக்டர் சொல்லிவிட்டார். வீடு வந்து சேர்ந்தார்.

வந்த பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. வீட்டில் கட்டில் இருந்தது, தட்டு இருந்தது, மரியாதைகூட இருந்தது. வேலைதான் இல்லை. அவர் இல்லாத பதினெட்டு வருஷத்தில் ரஞ்சனி மகள் கிருத்திகாவை வளர்த்து ஆளாக்கி, கோயம்புத்தூர்க் காலேஜுக்கு அனுப்பிவிட்டாள். கோழிப்பண்ணைகளில் முட்டை எடுத்து ஹாஸ்டல்களுக்கும் மெஸ்களுக்கும் போடும் தொழிலை ஆரம்பித்து, அதற்கு ஒரு மினி வண்டியும் வாங்கி, அறிவு என்று ஒரு டிரைவரையும் வைத்திருந்தாள். எல்லாம் கச்சிதமாக ஓடிக்கொண்டிருந்தது. கதிர்வேலுக்குச் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

முதல் வாரம் நாட்டுக்கோழிக் குழம்பு. இரண்டாவது வாரம் கத்தரிக்காய். மூன்றாவது வாரம், “அடுப்புல ரசம் இருக்குது, போட்டுச் சாப்பிட்டுக்குங்க” என்று சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது. வெளியே போனால் இன்னும் மோசம். பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இரண்டு கேள்வி கேட்டார்கள். “எப்ப வந்தீங்க?” அதற்குப் பதில் வரும் முன்பே, “எப்பக் கிளம்பறீங்க?”

கிளம்புவதற்கும் வழி இருந்தது. கூடவே ராடு தூக்கி இப்போது இரண்டு போர் வண்டிக்கு முதலாளியாகிவிட்ட சிநேகிதர் தீனதயாளன், ஆவணியில் வந்து பார்த்துவிட்டுச் சொல்லிப் போயிருந்தார். “மாப்ள, நீ ராடெல்லாம் தூக்க வேண்டாம். சூப்பர்வைசரா வந்து சேர்ல உக்காந்துக்க. கார்த்திகை முடியறதுக்குள்ள வரேன் வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லு.” அதன் பிறகு தீனா ஒரு தடவைகூடக் கூப்பிட்டு அவசரப்படுத்தவில்லை. தனக்காக ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டு வைத்துக் காத்திருக்கிறான் என்று நினைக்கும்போதெல்லாம் கதிர்வேலுக்குக் கண் கலங்கும்.

ஆனால் போவதா, இருப்பதா? ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று, தீபாவளிப் பலகாரமும் தீர்ந்துவிட்டது. முடிவு மட்டும் வரவில்லை. ரஞ்சனியிடம் கேட்டுப் பார்த்தார்.

“ரஞ்சனி, தீனா கூப்பிட்டானே...”

“ஆமாங்க.”

“போலாமா?”

“உங்க இஷ்டமுங்க.”

“இல்ல, இங்கயே இருந்துக்கட்டுமா?”

“அதுவும் உங்க இஷ்டந்தானுங்க.”

இதற்குப் போகாதே என்று நாலு திட்டுத் திட்டியிருக்கலாம். போய்த் தொலை என்று விரட்டியிருக்கலாம். இஷ்டம் என்று ஒன்று கதிர்வேலிடம் இருந்தால்தானே!

தப்பு அவர் மேல் மட்டும் இல்லை. தொழில் அப்படி. போர் போடும்போது இருபது அடிக்கு ஒரு ராடு இறங்கும். ஒவ்வொரு ராடு முடிந்ததும் டிரில்லர் தோட்டத்துக்காரரைப் பார்த்து, “இன்னொரு ராடு எறக்கலாமுங்களா, நிறுத்திக்கலாமுங்களா?” என்று கேட்க வேண்டும். தண்ணீர் வந்தாலும் வெறும் கல்தூள் புகை வந்தாலும், இறக்கு என்றால் இறக்க வேண்டும், நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும். பதினெட்டு வருஷம் கதிர்வேல் அடுத்தவர் சொல்லித்தான் இறங்கினார், அடுத்தவர் சொல்லித்தான் நின்றார். வீட்டில் சோறு போட்டுக்கொள்ளும்போதுகூட, கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரஞ்சனியின் முகத்தைத்தான் பார்ப்பார்.

இந்த நிலைமையில்தான் ஒரு நாள் போனில் அந்த விளம்பரம் வந்தது. ‘வாழ்க்கையில் ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டீர்களா?’ தன் வீட்டு ஜன்னல் வழியாக எவனோ எட்டிப் பார்த்து எழுதின மாதிரி இருந்தது கதிர்வேலுக்கு. இருபத்தொரு நாள் லைஃப் கோச்சிங். தினமும் காலை ஆறு மணிக்கு வீடியோ காலில் வகுப்பு. கோச்சின் பெயர் தமிழினி, சேலத்துப் பெண். கிருத்திகாவைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருந்தால் அதிகம்.

முதல் நாள் தமிழினி கேட்டாள். “சார், உங்க லைஃப்ல டிரைவர் சீட்ல உக்காந்திருக்கிறது யாரு?”

“எங்க போர் வண்டிக்கு ஜீவாங்க. சங்ககிரிப் பையன். மலைப் பாதையில எல்லாம் தங்கமா ஓட்டுவான்.”

தமிழினி அந்தக் கேள்வியை அதோடு விட்டுவிட்டாள். பிறகு கண்ணாடிப் பயிற்சியைக் கொடுத்தாள். கூடவே இன்னொரு கட்டளை. தினமும் வீட்டில் ஒரு முடிவு, யாரையும் கேட்காமல், தானே எடுக்க வேண்டும்.

முதல் முடிவைக் கதிர்வேல் மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் எடுத்தார். சமையலறை வாசலில் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். “இன்னிக்குக் கொள்ளு ரசம். இது என்ற முடிவு.”

“ஆகட்டுங்க,” என்று ரஞ்சனி கொதித்துக்கொண்டிருந்த கொள்ளு ரசத்தை இறக்கி வைத்தாள்.

இரண்டாவது முடிவு பெரிதாக இருக்க வேண்டும் என்று முட்டை ரூமுக்குள் நுழைந்தார். அட்டை அட்டையாக முட்டை. பத்து அட்டைக்கு மேல் அடுக்கியிருக்கவில்லை. எவ்வளவு இடம் வீண்! ராடு அடுக்கின கைக்கு இது எம்மாத்திரம் என்று ஒவ்வொன்றையும் பதினெட்டு அட்டையாக உயர்த்தினார். ரூம் விசாலமாயிற்று. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து மஞ்சளாக ஒரு ஓடை கிளம்பி வாசற்படியைத் தாண்டியது.

ரஞ்சனி வந்து பார்த்தாள். “யாருங்க அடுக்கினது?”

“அது... ஒரு முடிவு எடுத்தேன்.”

அவள் திட்டவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு, உடைந்ததில் தேறியதைக் குண்டானில் வழித்தாள். அன்று ராத்திரி முட்டைப் பொடிமாஸ். மறுநாள் காலை முட்டை தோசை. மதியம் முட்டைக் குழம்பு. பக்கத்து வீட்டுக் குப்பாயி அம்மாவுக்கும் ஒரு சட்டி போயிற்று. மூன்றாம் நாள் அவர் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டார். “ஏஞ்சாமி, இந்தக் கோர்ஸு எத்தனை நாளைக்கு?”

“இருபத்தொரு நாளைக்குங்க ஆத்தா.”

“எனக்குக் கொலஸ்ட்ரால் இருக்குது சாமி. கொஞ்சம் பாத்து முடிவெடு.”

ஒன்பதாம் நாள் வகுப்பில் தமிழினி வேறொரு கேள்வி கேட்டாள். “சார், எந்த வேலை செய்யறப்ப உங்களுக்கு நேரம் போறதே தெரியாது?”

கதிர்வேல் யோசிக்கவே இல்லை. போருக்குள் சிக்கிய மோட்டாரை எடுப்பது என்றார். எண்ணூறு அடியில் கயிறு அறுந்து, குழாயோடு சொருகிக்கொண்டு கிடக்கும் மோட்டாரை, கண்ணால் பார்க்காமல், மேலே நின்றுகொண்டு, சங்கிலியின் ஆட்டத்தை வைத்தே கொக்கி மாட்டித் தூக்குவது. பலமாக இழுத்தால் அறுந்துவிடும். பயந்தால் வராது. கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் திருப்பி, அது தானாக விடும்வரை காத்திருக்க வேண்டும். இப்படியே நாற்பது நிமிஷம் பேசினார். தமிழினிக்கு இதில் பாதி புரிந்திருக்காது. ஆனாலும் அவள் குரல் மாறிவிட்டது.

“சார், இதையே நீங்க உங்க ஊர்ல செய்யலாமே? அங்க யாருக்கும் மோட்டார் சிக்கறதில்லையா?”

“நல்லாக் கேட்டீங்க. இந்தப் பக்கம் ஆயிரம் அடிக்குக் கொறைஞ்சு போரே கெடையாது. தெனத்துக்கும் எங்கயாவது ஒண்ணு சிக்கும்.”

உள்ளே ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் சட்டென்று நின்றது. மாவு ஆட்டி முடிந்திருக்கும் என்று கதிர்வேல் நினைத்துக்கொண்டார்.

ஆக, இப்போது வழி இரண்டாகிவிட்டது. ஒன்று, வடக்கே தீனாவின் நாற்காலி. இன்னொன்று, வீட்டுக்கு முன்னால் ரோட்டோரம் தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்திருக்கும் பழைய சாளைக் கொட்டகை. அதைக் காலி பண்ணினால் கடை வைக்கலாம். ஒரே வழி இருந்தபோதே முடிவு வராதவருக்கு இரண்டு வழி வந்தால் தூக்கமா வரும்? உங்கள் உள்ளுணர்வு என்ன சொல்கிறதென்று கண்ணை மூடிக் கேளுங்கள் என்றாள் தமிழினி. கதிர்வேல் கண்ணை மூடிக் கேட்டார். வயிறு கடமுடா என்றது. அவ்வளவுதான்.

பதினைந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை கதிர்வேலுக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது.

போர் போட இடம் குறிக்கிறவர்கள் உள்ளங்கையில் குடுமித் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காடு முழுக்க நடப்பார்கள். நீரோட்டம் இருக்கும் இடத்தில் தேங்காய் தானாக எழுந்து நிற்கும். இந்தப் பக்கத்தில் அதைக் கேட்காமல் யாரும் வண்டியைக் கூப்பிட மாட்டார்கள். நூற்றுக்கணக்கான தேங்காய் எழுந்து நின்றதைக் கதிர்வேல் பார்த்திருக்கிறார். அதில் சிலது நடுவிரலின் தயவில் எழுந்தவை என்பதையும் கண்டுபிடித்து வைத்திருந்தார். வெளியில் சொன்னதில்லை. தொழில் மரியாதை.

தன் கையில் தேங்காயை வைத்து, வீட்டு வடக்கு கேட்டுக்குப் பக்கத்தில் போனதும் நடுவிரலை லேசாக மடக்கினால் போதும். தேங்காய் எழுந்துவிடும். வடக்கே போக உத்தரவாகிவிடும். மோட்டார்க் கடை போட்டு ஒருத்தரும் வராமல் ஊர் சிரிப்பதைவிட, நாற்காலி நிச்சயம். முடிவும் எடுத்தாகிவிடும், எடுத்த பழியும் தேங்காயோடு போய்விடும். இதைவிட நல்ல முடிவு உலகத்தில் உண்டா?

“ரஞ்சனி, ஒரு தேங்கா எடு. குடுமியோட.”

“சட்னிக்குங்களா?”

“வாழ்க்கைக்கு.”

ரஞ்சனி தேங்காயோடு வந்தாள். கதிர்வேல் விதிமுறையை விளக்கினார். “வடக்கு கேட்டுக்கிட்ட எந்திரிச்சா தீனாகிட்டப் போறேன். ரோட்டோரச் சாளைக்கிட்ட எந்திரிச்சா இங்கயே மோட்டார்க் கடை. தேங்கா சொல்றதுதான் முடிவு. அப்பறம் நீயும் பேசக்கூடாது, நானும் பேசக்கூடாது.”

“சத்தியமாங்களா?”

“மாரியாத்தா மேல சத்தியம்.”

“சரிங்க. யாரு கையில வெக்கறது?”

“என்ற கையிலதான்.”

“உங்குளுக்கு என்ன ரத்தமுங்க?”

கதிர்வேல் நீட்டின கையைப் பாதியில் நிறுத்தினார். “பி பாசிட்டிவ்... அதுக்கென்ன?”

“ஓ பாசிட்டிவ் கைக்குத்தான் தேங்கா எந்திரிக்கும்னு நீங்கதானுங்க எல்லாத்துகிட்டயும் சொல்லுவீங்க?”

“அது தண்ணிக்கு. இது வாழ்க்கை.”

“தண்ணிக்கே ஓ பாசிட்டிவ் வேணும்னா, வாழ்க்கைக்கு வேண்டாமுங்களா?”

சுவருக்கு மேலே குப்பாயி அம்மாவின் தலை முளைத்தது. “ஆமா சாமி. என்ற மவன் போர் போடறப்ப, ஊருக்குள்ள இருந்த ஆளெல்லாம் ரத்தம் சரியில்லீன்னு நீதான் பரமத்தி வரைக்கும் போயி ஒரு ஆளைக் கூட்டியாந்தே.”

“எனக்கு ஓ பாசிட்டிவ்ங்க,” என்றாள் ரஞ்சனி. “கிருத்திகா பொறந்தப்ப ஆஸ்பத்திரிச் சீட்டுலயே எழுதிக் குடுத்தாங்க.”

ரத்தமாவது மண்ணாவது, எல்லாம் விரல் வித்தை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். சொன்னால் பதினெட்டு வருஷப் பேச்சு பொய்யாகிவிடும். குப்பாயி அம்மா வேறு பார்த்துக்கொண்டிருக்கிறார். லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் அந்த வட்டாரத்தில் பல போருக்கு இந்த ரத்தக் கணக்கைச் சொல்லித்தான் ஆள் பிடித்திருக்கிறார் கதிர்வேல். தேங்காய் ரஞ்சனியின் கைக்குப் போயிற்று.

முதலில் வடக்கு கேட். ரஞ்சனி போய் நின்றாள். தேங்காய் படுத்தே கிடந்தது.

“கொஞ்சம் வெளிய தள்ளி நின்னு பாரு.”

தள்ளி நின்றாள். தேங்காய் அசையவில்லை.

“இன்னும் ரெண்டு அடி போ.”

போனாள். மண் பாதை வந்துவிட்டது. தேங்காய் தூங்கியது. ரஞ்சனி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிக்காமல், வேலையாள் முதலாளியைக் கேட்கிற அதே பணிவோடு கேட்டாள்.

“இன்னொரு ராடு எறக்கலாமுங்களா, நிறுத்திக்கலாமுங்களா?”

பதினெட்டு வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கதிர்வேலிடம் யாரும் கேட்டதில்லை. ஆயிரம் தோட்டத்தில், ஆயிரம் ஆளிடம் அவர் கேட்டிருக்கிறார். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நின்றதே இல்லை. அவர் வடக்கே பார்த்தார். வெயில் பாதை, புழுதி, தகரக் கூடாரம், போனில் கேட்கிற மகள் குரல். பிறகு ரஞ்சனியைப் பார்த்தார். காதோரம் நரைத்திருந்தது. எந்த வருஷம் நரைத்தது என்று அவருக்குத் தெரியாது.

“நிறுத்திக்க,” என்றார்.

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. குப்பாயி அம்மா சுவர் மேல் கையை ஊன்றி, “நல்ல முடிவு சாமி, இதுல முட்டை ஒண்ணும் ஒடையலை” என்றார்.

ரஞ்சனி நேராகச் சாளைக்கு நடந்தாள். வாசலில் நின்றாள். தேங்காய் மெதுவாக எழுந்து, குடுமி வானத்தைப் பார்க்க, விறைப்பாக நின்றது. கதிர்வேல் குனிந்து அவள் விரல்களையே பார்த்தார். ஒன்றும் அசைந்த மாதிரித் தெரியவில்லை. அசைந்திருந்தால் அவர் கண்ணுக்குத் தப்பியிருக்காது. அசைந்ததா இல்லையா என்பதில் அவருக்கு இனி அக்கறையும் இல்லை. போட்ட திட்டம் கவிழ்ந்துவிட்டது, தோற்றுவிட்டோம் என்று துக்கப்பட வேண்டிய நேரத்தில் நெஞ்சு லேசாகி, சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. அவருக்குப் போகவே விருப்பமில்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. துண்டால் கண்ணைத் துடைத்தார். தூசி என்றார். யாரும் கேட்கவில்லை.

மறுநாளே சாளை காலியாயிற்று. முக்காலிக் கம்பம், சங்கிலி, கொக்கிகள் எல்லாம் வந்து இறங்கின. புதன்கிழமையே முதல் வேலை. எழுநூறு அடியில் சிக்கிய மோட்டார், ஒன்றரை நாள் போராட்டம். இடுப்புக்குப் பெல்ட் கட்டிக்கொண்டு கதிர்வேல் சங்கிலியை மட்டும் பிடித்தார், பளு தூக்க வேறு ஆட்கள். மோட்டார் மேலே வந்தபோது தோட்டத்துக்காரர் அவருடைய சேற்றுக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கடைசி வரைக்கும் இன்னும் இழுக்கவா, நிறுத்தவா என்று அவர் யாரையும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தால் வெந்நீர் போட்டு வைத்திருந்தாள் ரஞ்சனி.

இருபத்தொன்றாம் நாள். வாழ்க்கையில் நீங்கள் நன்றி சொல்ல வேண்டியவர்களின் பட்டியலை எழுதுங்கள் என்றாள் தமிழினி. கதிர்வேல் நோட்டை எடுத்தார். ஒன்று, ரஞ்சனி. கிருத்திகாவுக்கு டைபாய்டு வந்தபோது, நான் பயந்துவிடுவேன் என்று குணமான பிறகு போன் பண்ணியதற்கு. இரண்டு என்று போட்டார். அதுவும் ரஞ்சனிதான். கூரை ஒழுகிய ராத்திரியில், இங்கே எல்லாம் சௌக்கியம் என்று சொன்னதற்கு. மூன்று, முட்டை உடைத்ததற்குத் திட்டாமல் இருந்ததற்கு. பக்கம் நிறைந்துவிட்டது. கடைசி வரியில் இடம் பண்ணித் தமிழினி பெயரையும் எழுதினார். பொடி எழுத்துத்தான், ஆனால் மனதார எழுதினார். அதைப் படித்துக் காட்டியபோது அந்தப் பெண் போனை நகர்த்தி வைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

இன்னும் ஒரு கடமை பாக்கி. நாற்காலியோடு காத்திருக்கும் சிநேகிதனின் மனதை உடைக்க வேண்டும். கதிர்வேல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு போன் போட்டார். அந்தப் பக்கம் கம்ப்ரஸர் இரைச்சல்.

“தீனா, மனசைத் தேத்திக்க. நான் வரலை. நானே முடிவெடுத்துட்டேன்.”

“எங்க வரலை?”

“வேலைக்குத்தான்.”

“எந்த வேலைக்கு?”

“அட, சூப்பர்வைசர் வேலைக்கு!”

“அதுக்குத்தான் புரட்டாசியிலயே ஆள் போட்டாச்சே மாப்ள! தங்கச்சிதான் போன் பண்ணிச்சு. ‘அவரு வரமாட்டாருங்கண்ணா, காத்துக்கிட்டிருக்காதீங்க, ஆனா நான் சொன்னதாச் சொல்லிப்போடாதீங்க, அவரே ரோசனை பண்ணி முடிவெடுக்கட்டும்’னுச்சு. இன்னுமா எடுத்துக்கிட்டிருந்தே?”

கதிர்வேல் போனைப் பார்த்தார். இரண்டு மாதமாக அவர் ராத்திரி பகலாகப் புரண்டு புரண்டு யோசித்த நாற்காலியில் யாரோ ஒருத்தர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்! கோபப்படலாம் என்று வாசலுக்குப் போனார். ரஞ்சனி வண்டியில் முட்டை அட்டை ஏற்றிக்கொண்டிருந்தாள். கோபம் பாதி வழியிலேயே கரைந்துவிட்டது. ஒரு அட்டையைத் தானும் வாங்கி ஏற்றினார்.

“புரட்டாசியிலயே தீனாகிட்டச் சொல்லிட்டியா?”

“சொன்னேனுங்க.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?”

“நான் சொல்லி நீங்க இருந்தீங்கன்னா, நான் புடிச்சு நிறுத்தின மாதிரி ஆயிரும். தெனமும் ரோட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க.”

அது உண்மைதான். அவர் இன்னொரு அட்டையை ஏற்றினார். பத்தோடு நிறுத்திக்கொண்டார்.

“அப்ப, நான் இங்கயே இருந்துருவேன்னு உனக்குப் புரட்டாசியிலயே தெரியுமா?”

“எனக்கு வைகாசியிலயே தெரியுமுங்க,” என்றாள் ரஞ்சனி. “உங்குளுக்குத் தெரியறதுக்குத்தான் இருபத்தொரு நாளு கோர்ஸு.”